சோற்றை விட்டும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 53. மூன்று வருடமாக இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் கிளிமெபிரைடு எடுத்துக்கொள்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு சோற்றை அடியோடு நிறுத்திவிட்டேன். காலையில் சிறுதானிய மாவில் ஒரு பெரிய குவளை கஞ்சி, மதியம் நான்கு கோதுமை ரொட்டி, இரவு ஓட்ஸ். வெறும் வயிற்றில் 130 வருகிறது. ஆனால் கஞ்சி குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1, எட்டு மாதமாக அது அசையவே இல்லை. மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிடும் நேரத்தில் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். இனி வாழ்நாள் முழுக்கச் சோறே கிடையாதா? தீட்டாத அரிசி என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சோற்றுக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கை நடுக்கத்தைப் பேசிவிடுகிறேன். நீங்கள் அதைக் கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமெபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு தாமதமானால் அந்த இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். அடுத்த முறை நடுங்கும்போது உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ, அதாவது 3 அல்லது 4 தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் மாதிரி மாத்திரையும் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்தும், அதனால் அவர்களுக்கு குளுக்கோஸ்தான் வேண்டும்.

இந்த நடுக்கத்தை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நான் கீழே எழுதப்போகிற மாற்றங்களைச் செய்தால் நீங்கள் சாப்பிடும் மாவுச்சத்து குறையும். மாத்திரை அதே அளவில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோவது இன்னும் அடிக்கடி வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ பாதியாக உடைத்துப் போடவோ வேண்டாம். அளவை மாற்ற வேண்டியவர் அவர்தான்.

சரி, இனி சோறு. சாப்பிடலாம். உங்களுக்கு வாழ்நாள் தடை எதுவும் இல்லை.

எட்டு மாதம் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் பலன் வராததற்கு உங்கள் மனஉறுதி குறைந்தது காரணமில்லை. கணக்கு ஒன்று யாரும் சொல்லாமல் விட்டுப்போயிருக்கிறது. அரிசி, கோதுமை, ஓட்ஸ், சிறுதானியம் என எதை எடுத்தாலும், சமைக்காத 100 கிராமில் ஏறக்குறைய 60 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்துதான். வடித்த சோறு தண்ணீரை இழுத்துக்கொண்டு மூன்று மடங்கு வரை எடை கூடுவதால் 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம். இதை வைத்து உங்கள் தட்டைப் பார்ப்போம். 30 கிராம் மாவில் செய்த ஒரு ரொட்டியில் 21 கிராம் மாவுச்சத்து. நான்கு ரொட்டிக்கு 84 கிராம். அது 300 கிராம் சோற்றுக்குச் சமம். பெரிய குவளைக் கஞ்சிக்கு 70 கிராம் மாவு போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால் சுமார் 50 கிராம். அது 175 கிராம் சோறு. எட்டு மாதமாக நீங்கள் வேறு பெயரில் சோறு சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள், அதுவும் தாராளமான அளவில். உடம்பு தானியத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. எத்தனை கிராம் மாவுச்சத்து வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதுதான் அதற்குத் தெரியும்.

வேகம் என்றதும் உங்கள் காலைக் கஞ்சிக்கு வர வேண்டும். 240 என்ற எண்ணின் பெரும்பகுதிக்கு அதுதான் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

ஒரு முழுத் தானிய மணியில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிடு, ஓரத்தில் முளை, நடுவில் மாவு. மாவு இருக்கும் பகுதி சின்னச் சின்ன அறைகளாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு அறைக்கும் சுவர் உண்டு. முழு மணியாக வேகவைத்துச் சாப்பிட்டால் குடலில் இருக்கும் நொதிகள் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நேரம் பிடிக்கும். மாவு மில்லில் நைசாக அரைத்துவிட்டால் சுவர்கள் நொறுங்கிவிடுகின்றன. தவிடும் நார்ச்சத்தும் மாவில் அப்படியே இருக்கும். ஆனால் காவலுக்கு நின்ற சுவர் இல்லை. அப்புறம் அதை நிறையத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறோம். மாவு நன்றாக ஊதி வெந்து, மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இரைப்பையைச் சீக்கிரம் தாண்டிப் போகிறது. முழுத் தானியத்தில் செய்தது என்பதற்காக அது மெதுவாகச் செரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஓட்ஸிலேயே இதைப் பார்க்கலாம். மணியைத் துண்டுகளாக மட்டும் வெட்டிய ஓட்ஸின் கிளைசெமிக் குறியீடு 55ஐ ஒட்டி வரும். வெந்நீர் ஊற்றினால் போதும் என்று விற்கிற மெல்லிய உடனடி ஓட்ஸுக்கு 80க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. தானியம் ஒன்றுதான், உருவம்தான் வேறு. பொரித்த தானியம், ஊதிப் பெரிதாக்கிய தானியம் எல்லாம் இந்த இரண்டாவது கூட்டம். சிறுதானியம் வாங்கும்போதும் கொஞ்சம் கவனியுங்கள். இப்போது பல சிறுதானியங்கள் அரிசியைப் போலவே தவிடு நீக்கி, வெள்ளையாகத் தீட்டப்பட்டு வருகின்றன. மணி மங்கலாக, மேலே நிறத்தோடு இருந்தால் தவிடு இருக்கிறது என்று பொருள்.

கிளைசெமிக் குறியீடு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1981இல் அறிமுகப்படுத்திய அளவுகோல் இது. குளுக்கோஸை 100 என்று வைத்து, மற்ற உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகின்றன என்று ஒப்பிடுவார்கள். 55க்குள் இருந்தால் குறைவு, 70க்கு மேல் போனால் அதிகம். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒவ்வொரு உணவையும் பொதுவாக 50 கிராம் மாவுச்சத்து வரும் அளவில்தான் கொடுப்பார்கள். நீங்கள் அதன் இரண்டு மடங்கைச் சாப்பிட்டால் குறியீடு உங்களைக் காப்பாற்றாது. 'குறியீடு குறைவு' என்று பையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அள்ளிச் சாப்பிடுகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவோடு மனம் உடைந்து வருவார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் அடுத்த கேள்விக்கும் இதுதான் விடை. தீட்டாத அரிசியை வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து என்றேன். அதே அளவு தீட்டாத அரிசிச் சோற்றில் 24 முதல் 26 கிராம் வரை இருக்கும். நார்ச்சத்து 0.4 கிராமிலிருந்து 1.8 கிராமுக்கு உயரும். நல்ல மாற்றம்தான். ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட அது உரிமை தராது.

அதற்காகத் தீட்டாத அரிசியைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தவிட்டோடு போவது நார்ச்சத்து மட்டும் இல்லை. மெக்னீசியம், பி வைட்டமின்கள் எல்லாம் போகின்றன. தீட்டிய அரிசி மட்டுமே தின்ற கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி வருவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் 1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் கவனித்தார். வைட்டமின் பி1ஐக் கண்டறிய வழி திறந்தது அந்தக் கவனிப்புதான். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரிழிவைப் பொறுத்தவரை, 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. நாளுக்கு 50 கிராம் வெள்ளை அரிசிக்குப் பதில் அதே அளவு தீட்டாத அரிசி சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் 16% குறைவு, பலவகை முழுத் தானியங்கள் என்றால் 36% குறைவு என்று மதிப்பிட்டார்கள். அது நோய் வராதவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. உங்களைப் போல ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அது திசை காட்டுகிறது, அவ்வளவுதான்.

தீட்டாத அரிசி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமலோ வாய்க்குப் பிடிக்காமலோ போனால் வருத்தப்பட வேண்டாம். வெள்ளை அரிசியிலேயே வகைக்கு வகை பெரிய வித்தியாசம் உண்டு. கிளைசெமிக் குறியீடு 50களிலிருந்து 90 வரை அளக்கப்பட்டிருக்கிறது. அரிசி மாவில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மூலக்கூறுகள். அமைலோஸ் அதிகமுள்ள அரிசி வெந்த பிறகும் உதிரி உதிரியாக நிற்கும், மெதுவாகச் செரிக்கும். அமைலோபெக்டின் அதிகமானால் சோறு ஒன்றோடொன்று ஒட்டும், சர்க்கரையும் வேகமாக ஏறும். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்த புழுங்கல் அரிசி, பொதுவாகப் பச்சரிசியைவிட மெதுவாகத்தான் ஏற்றும். அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் வைட்டமின்களில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடுவது கூடுதல் நன்மை. எந்த அரிசியானாலும் குழைய விடாதீர்கள். பதத்தில் இறக்குங்கள்.

அளவுக்கு வருவோம். மதியத்துக்கு 150 கிராம் சோற்றில் தொடங்கச் சொல்வேன். மாவுச்சத்து சுமார் 42 கிராம். இப்போது ரொட்டியில் வருவதில் சரிபாதி. கண்ணளவை நம்ப வேண்டாம், கண் எப்போதும் நமக்குச் சாதகமாகவே அளக்கும். ஒரு வாரம் மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை கரண்டி என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தராசு தேவைப்படாது.

இனி, நீங்கள் எழுதிய மூன்று வேளைச் சாப்பாட்டில் காய்கறி எங்கும் இல்லை, பருப்போ முட்டையோ மீனோ எங்கும் இல்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம். உண்மையிலேயே இல்லையென்றால் முதலில் திருத்த வேண்டியது அரிசியை விட இதைத்தான். தட்டில் பாதி, கிழங்கு அல்லாத காய்கறியும் கீரையும். மீதியில் ஒரு பாதி பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம். கடைசிக் கால் பங்கு சோறு. இப்படிப் போட்டால் 150 கிராம் சோறு தட்டில் கஞ்சத்தனமாகத் தெரியாது, வயிறும் நிறையும். பருப்பிலும் பயற்றிலும் மாவுச்சத்து உண்டுதான், ஆனால் நார்ச்சத்தும் புரதமும் கூடவே வருவதால் நிதானமாகப் போகும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் நீரிழிவு இல்லாதவர்களிடம் சோதித்தபோது, சோற்றின் மாவுச்சத்தில் பாதியை மைசூர்ப் பருப்பு வகையால் ஈடுசெய்ததில் சர்க்கரை ஏற்றம் சுமார் 20% குறைந்தது. சோற்றைப் பாதியாக்கிவிட்டுத் தட்டைக் காலியாக விடுவதை விட இது எவ்வளவோ தாங்கக்கூடிய வழி.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015இல் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அதே உணவு, அதே அளவு. மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில், முதலில் சாப்பிட்ட நாளைவிட 30ஆவது நிமிடத்தில் சர்க்கரை சுமார் 29% குறைவு, ஒரு மணி நேரத்தில் சுமார் 37% குறைவு. பதினோரு பேர் சின்னக் கூட்டம்தான். ஆனாலும் செலவில்லாத, கெடுதல் இல்லாத பழக்கம். சோற்றையும் மற்றதையும் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு முழுதாகப் பிரிப்பது கஷ்டம் என்றால், காய்கறியில் பாதியையாவது சோறு போடும் முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் 10 நிமிடம் நடங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதையும் மூன்று வேளை உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது முறையில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12% குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22% குறைவு. மொத்த நடை ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

சோற்றைக் குளிரவைத்துச் சூடாக்கினால் சர்க்கரை ஏறாது என்ற பேச்சும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. குளிரும்போது மாவில் ஒரு பகுதி, செரிக்க முடியாத வடிவத்துக்கு மாறும். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தாலும் 100 கிராம் சோற்றில் இந்த மாற்றம் ஒரு கிராம் அளவுதான். அதை நம்பி ஒரு கரண்டி கூடப் போட்டால் கிடைத்தது போய்விடும். செய்வதென்றால், வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வளரும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இவ்வளவும் பொது விஷயம். ஒரே சோறு இரண்டு பேருக்கு ஒரே மாதிரி ஏற்றுவதில்லை. உங்கள் உடம்பின் பதிலை உங்கள் மீட்டர்தான் சொல்லும். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளம் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை. மதியச் சாப்பாட்டில் மற்றதை மாற்றாமல், மூன்று நாள் 150 கிராம் வெள்ளைச் சோறு, மூன்று நாள் 150 கிராம் தீட்டாத அரிசிச் சோறு. ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். தூக்கம், மன உளைச்சல், லேசான சளிகூட அதை மாற்றும். 2 மணி நேர எண் 180க்குள் வந்தால், சாப்பிடும் முன் இருந்ததைவிட 50க்கு மேல் ஏறாமல் இருந்தால், அந்த அளவு உங்களுக்குச் சரி. தாண்டினால் சோற்றில் 30 கிராம் குறைத்து அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். எச்பிஏ1சி 8.1 என்பது சராசரியாக 186 அளவில் சர்க்கரை ஓடுவதைக் குறிக்கிறது. 7 என்றால் சராசரி 154. நடுவில் இருக்கிற இந்த 32ஐத்தான் நாம் குறைக்கப் பார்க்கிறோம். எச்பிஏ1சியில் அது தெரிய மூன்று மாதம் ஆகும். மீட்டரில் முதல் வாரமே தெரிய ஆரம்பிக்கும்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் முழுத் தானியத்திலும் பருப்பிலும் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் பற்றிச் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்ட வேண்டாம். நீண்ட நாள் நீரிழிவால் இரைப்பை மெதுவாக இயங்குகிறவர்களுக்கும் அதிக நார்ச்சத்து தொல்லை தரும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி ஆபத்தாகலாம். நீங்கள் அதை எடுப்பதாக எழுதவில்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

'பலதானியம்' என்று எழுதிய ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கும் முன் பின்பக்கம் திருப்புங்கள். மொத்த மாவுச்சத்து 10 கிராமுக்கு நார்ச்சத்து 1 கிராமாவது இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நாளையிலிருந்து என்ன செய்வது என்று கேட்டால், காலைக் கஞ்சியை முதலில் மாற்றுங்கள். மாவுக்குப் பதிலாக அதே சிறுதானியத்தை முழு மணியாக வாங்கி, சமைக்காமல் 40 கிராம் எடை போட்டு, இரவே ஊறவைத்துக் காலையில் மென்று சாப்பிடும் பதத்தில் வேகவையுங்கள். கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பயறு, ஏதாவது ஒரு காய். கிளிமெபிரைடு எடுத்துக்கொண்டிருக்கும் வரை மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மதியம் வீட்டில் எல்லோரும் உட்காரும்போது நீங்களும் உட்காருங்கள். அவர்கள் தட்டில் இருக்கிற அதே சோறு, 150 கிராம், உங்கள் தட்டிலும் இருக்கட்டும். காலையிலும் மதியமும் எடுக்கிற எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, நடுக்கம் வந்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.